கடைசி வீதியில் நிற்கும் எலக்ட்ரான்

மதுரை தெற்கு ஆவணி மூல வீதியின் நகைக்கடைகளுக்குப் பின்னால், எதிரே ஆள் வந்தால் ஒதுங்கி நிற்க வேண்டிய சந்துகள் உண்டு. அதில் ஒன்றில் இருக்கும் பட்டறைக்குப் போன தை மாதம் அம்மாவோடு போயிருந்தேன். பாட்டி விட்டுப்போன ஒரு சங்கிலி, ஒரு ஜோடி வெள்ளிக் கொலுசு. இரண்டும் ஒரே தகர டப்பாவில் முப்பது வருடம் கிடந்தவை. கொலுசு கரிக்கட்டை போலக் கருத்திருந்தது. சங்கிலி நேற்று வாங்கியது மாதிரி இருந்தது.

ஆசாரி சங்கிலியை உரைகல்லில் ஒரு இழுப்பு இழுத்தார். அதன் கொக்கியின் நிறம் சற்று வேறாகத் தெரிந்ததால் அதையும் தனியாக உரைத்தார். கல்லில் இரண்டு மஞ்சள் கோடுகள். இரண்டின் மேலும் கண்ணாடிக் குச்சியால் திராவகத்தைத் தொட்டு வைத்தார். கொக்கியின் கோடு பச்சையாக நுரைத்துக் காணாமல் போனது. சங்கிலியின் கோடு அப்படியே நின்றது.

“சங்கிலி நல்ல தங்கம்க்கா. கொக்கி கவரிங், பின்னாடி யாரோ மாத்தியிருக்காங்க.”

“ரெண்டும் ஒரே டப்பாலதான கிடந்துச்சு. கொலுசு மட்டும் ஏன் இப்பிடிக் கருத்துப் போச்சு?” என்றார் அம்மா.

“வெள்ளின்னா கருக்கத்தான செய்யும். தங்கம் தங்கம்தான்.”

அவருக்கு அது போதும். எனக்குத்தான் போதவில்லை. நான் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு வேதியியல் டியூஷன் எடுக்கிறவன். ஆவர்த்தன அட்டவணையில் செம்பு, வெள்ளி, தங்கம் மூன்றும் 11-ஆம் தொகுதியில் ஒன்றின் கீழ் ஒன்றாக நிற்பவை. தொகுதியில் கீழே இறங்க இறங்க அணு பெரிதாகும், வெளி எலக்ட்ரான் எளிதாகக் கழலும், உலோகம் இன்னும் வேகமாக வினைபுரியும் என்று கரும்பலகையில் அம்புக்குறி போட்டு நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அந்த அம்புக்குறியை நம்பினால், டப்பாவுக்குள் முதலில் கெட்டுப்போயிருக்க வேண்டியது தங்கம்.

அம்புக்குறி பொய் சொல்லவில்லை. அணுவுக்குள் நடக்கும் ஒரு இழுபறியில் பெரும்பாலும் யார் ஜெயிப்பார்கள் என்பதை மட்டும் அது சொல்கிறது. யார் இழுக்கிறார்கள், எவ்வளவு தூரத்திலிருந்து, நடுவில் யார் மறைக்கிறார்கள் என்ற மூன்றும் தெரிந்தால், அம்புக்குறி எங்கே செல்லும், எங்கே செல்லாது என்பதை நாமே சொல்லிவிடலாம்.

மதுரைக்காரர்களுக்கு இதை விளக்க ஊரின் அமைப்பே போதும். நடுவில் கோயில். சுற்றி ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, கடைசியில் வெளி வீதி. அணுவில் கோயில் இருக்கும் இடத்தில் அணுக்கரு. அதற்குள் நேர்மின்சுமை கொண்ட புரோட்டான்கள். சுற்றிலும் அடுக்கடுக்காக எலக்ட்ரான் கூடுகள். ஹைட்ரஜனுக்கும் ஹீலியத்துக்கும் ஒரே வீதி. லித்தியம் முதல் நியான் வரை இரண்டு. சோடியம் முதல் ஆர்கான் வரை மூன்று. அட்டவணையில் ஒரு வரிசை கீழே இறங்கினால் ஊரைச் சுற்றிப் புதிதாக ஒரு வீதி போட்டாயிற்று என்று பொருள். எலக்ட்ரான் உண்மையில் வட்டம் போட்டு ஓடுவதில்லை, மேகம் போலப் பரவிக் கிடக்கிறது. ஆனாலும் நம் கணக்குக்கு வீதி போதும்.

இனி மறைப்பு. சித்திரைத் திருவிழாவில் தேர் மாசி வீதியில் வரும்போது கூட்டத்தில் நின்றவர்களுக்கு இது தெரியும். நமக்கு முன்னால் நிற்பவரின் தலைதான் அம்மனை மறைக்கும். தோளோடு தோள் உரசிப் பக்கத்தில் நிற்பவர் இடிப்பார், காலை மிதிப்பார், ஆனால் மறைக்க மாட்டார். எலக்ட்ரான்களும் அப்படியே. உள் வீதியில் இருப்பவை அணுக்கருவின் இழுவையை வெளி எலக்ட்ரானிடமிருந்து நன்றாக மறைக்கும். அதே வீதியில் இருப்பவை கொஞ்சம்தான் மறைக்கும். பாடப்புத்தகம் இதற்குத் திரைமறைப்பு விளைவு என்று பெயர் வைத்திருக்கிறது.

எவ்வளவு மறைக்கும் என்பதற்கு 1930-இல் ஜான் ஸ்லேட்டர் என்ற அமெரிக்க இயற்பியலாளர் ஒரு சுளுவான கணக்குக் கொடுத்தார். அதே கூட்டில் உள்ள ஒவ்வொரு எலக்ட்ரானும் 0.35 புரோட்டான் அளவுக்கு மறைக்கும். அடுத்த உள்கூட்டில் உள்ளது 0.85. அதற்கும் உள்ளே இருப்பது முழுசாக 1. சோடியத்துக்குப் போட்டுப் பார்ப்போம். புரோட்டான் 11. நடு வீதியில் 8 பேர், அவர்களின் மறைப்பு 6.8. உள் வீதியில் 2 பேர், மறைப்பு 2. மிச்சம் 2.2. அதாவது 11 புரோட்டான் இழுத்தும் கடைசி எலக்ட்ரானுக்கு வந்து சேர்வது 2.2 புரோட்டானின் இழுவைதான். அதே வரிசையின் வலது கோடியில் குளோரின். புரோட்டான் 17. உள்ளே மறைப்பவர்கள் அதே 10 பேர். கூடுதலாக வந்த 6 பேரும் பக்கத்தில் நிற்பவர்கள், அவர்கள் மறைப்பது வெறும் 2.1. மிச்சம் 6.1.

ஆகவே சோடியத்தின் அணு ஆரம் 186 பிக்கோமீட்டர், குளோரினுடையது 99. (ஒரு மீட்டரை லட்சம் கோடியாகக் கூறுபோட்டால் ஒரு கூறு ஒரு பிக்கோமீட்டர்.) ஆறு எலக்ட்ரான் அதிகமாக வைத்திருக்கும் அணு, ஏறக்குறைய பாதி அளவில் இருக்கிறது. “ஆள் கூடக் கூட வீடு சுருங்குமா சார்?” என்று ஒரு பையன் கேட்டான். அசல் கேள்வி. வீதி உவமை முறிகிற இடமும் இதுதான். மதுரையில் திருவிழாவுக்கு எத்தனை லட்சம் பேர் வந்தாலும் மாசி வீதி இருந்த இடத்தில்தான் இருக்கும். அணுவிலோ நடுவில் ஒரு புரோட்டான் கூடினால் எல்லா வீதிகளும் உள்ளே நெருங்கி வரும்.

சோடியத்துக்கு நேர் கீழே உள்ள பொட்டாசியத்துக்கும் அதே கணக்கைப் போட்டால் மிச்சம் மறுபடி 2.2 தான். புரோட்டான் 19 ஆனாலும் மறைப்பும் அதே அளவு கூடிவிட்டது. இழுவை மாறவில்லை, ஆனால் எலக்ட்ரான் ஒரு வீதி தள்ளிப் போய்விட்டது. ஆரம் 227. அந்த எலக்ட்ரானைப் பிடுங்கத் தேவைப்படும் அயனியாக்கும் ஆற்றல், மோலுக்கு (அணுக்களை எண்ண வேதியியல் வைத்திருக்கும் ஒரு பெரிய அளவு) 496 கிலோஜூலிலிருந்து 419-ஆக இறங்குகிறது. அம்புக்குறி சொல்வது இவ்வளவுதான்.

நான் படித்த பள்ளியில் சோடியத்தை ஒரே ஒருமுறை கண்ணால் பார்த்தேன். மண்ணெண்ணெயில் மூழ்கியிருந்த கட்டியை எடுத்து, வடிதாளில் ஒற்றி, சார் சாதாரணக் கத்தியால் நறுக்கினார். வெட்டிய முகம் கண்ணாடி போல மின்னியது. நாங்கள் எட்டிப் பார்ப்பதற்குள் சாம்பல் பூத்துவிட்டது. பட்டாணியில் பாதி அளவுத் துண்டைத் தண்ணீர்த் தொட்டியில் போட்டார். அது உருண்டு திரண்டு, சீறிக்கொண்டு, பைத்தியம் பிடித்தது போல நீரின் மேல் ஓடியது. பின் வரிசையிலிருந்து “பெருசாப் போடுங்க சார்” என்று ஒரு குரல். சாரும் ஆசைப்பட்டுப் போட்டார். சத்தம் தலைமையாசிரியர் அறை வரை கேட்டது. தொட்டியில் விரிசல், சார் சட்டையில் நாலைந்து ஓட்டை. அதற்குப் பிறகு அந்த ஆய்வகத்தில் சோடியம் பாட்டில் வெளியே வரவே இல்லை.

அந்தத் துண்டு ஏன் உருண்டை ஆனது என்பது எங்களுக்கு அன்று தோன்றாத கேள்வி. சோடியம் 98 டிகிரியிலேயே உருகும், வினையின் சூடே அதற்குப் போதும். இந்தத் தொகுதியின் உருகுநிலைகளை மேலிருந்து படித்தால் அணு பெருத்துக்கொண்டே போவது அப்படியே தெரியும். லித்தியம் 180, சோடியம் 98, பொட்டாசியம் 63, ருபீடியம் 39, சீசியம் 28. அணு பெரிதாக ஆக, பொதுவில் விட்டிருக்கும் ஒற்றை எலக்ட்ரானுக்கும் அணுக்கருக்களுக்கும் தூரம் கூடுகிறது, கட்டு தளர்கிறது. மதுரையில் பங்குனி பிறந்துவிட்டால் சீசியம் குப்பிக்குள் திரவம்தான். வெயில் 40-ஐத் தொடும் நாளில் ருபீடியமும் உருகிவிடும். இந்த ஊர் வெயிலுக்குத் தாங்காத இன்னொரு உலோகம் காலியம். அதன் உருகுநிலை 29.8.

காலியத்தைச் சொன்னால் ரஷ்ய வேதியியலாளர் மெண்டலீவைச் சொல்லாமல் நகர முடியாது. 1869-இல் அவர் அட்டவணை போட்டபோது தெரிந்த தனிமங்கள் 63 மட்டுமே. எலக்ட்ரான் என்ற ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாது. அதைத் தாம்சன் கண்டது 1897-இல். வீதிகளைப் பார்க்காமலேயே ஊரின் வரைபடத்தைப் போட்ட ஆள் மெண்டலீவ். அவருக்குச் சில ஆண்டுகள் முன்பே இங்கிலாந்தில் நியூலாண்ட்ஸ், எட்டாவது தனிமம் முதலாவதைப் போல இருக்கிறது என்றார். ச ரி க ம ப த நி முடிந்து மேல் ச வருவது மாதிரி. 1866-இல் அவர் இதைச் சொன்ன கூட்டத்தில் ஒருவர் எழுந்து, அகரவரிசையில் அடுக்கிப் பார்த்தீர்களா என்று கேலி செய்தார். மெண்டலீவின் துணிச்சல் வேறு வகை. பொருந்தாத இடத்தைக் காலியாக விட்டார். அலுமினியத்துக்குக் கீழே இருந்த வெற்றிடத்துக்கு ‘ஏக அலுமினியம்’ என்று பெயரும் வைத்தார். நமக்குத் தெரிந்த அதே வடமொழி ‘ஏக’தான், ஓரிடம் தள்ளி என்ற பொருளில். 1875-இல் பிரான்சில் லெகோக் டி புவாபோத்ரான் அந்தத் தனிமத்தைக் கண்டுபிடித்து, அடர்த்தி 4.7 என்றார். கண்ணால் பார்த்திராத மெண்டலீவ், 5.9 வர வேண்டும், இன்னும் தூய்மையாக்கி அளந்து பாருங்கள் என்று சொன்னார். திரும்ப அளந்தபோது 5.9 வந்தது. எனக்கு இந்த அறிவியல் வரலாற்றில் இதைவிடப் பிடித்த இடம் கிடையாது. எடையை வைத்து அடுக்கியதில் டெல்லூரியம், அயோடின் போன்ற சில மட்டும் இடம் மாறி நின்று உறுத்தின. 1913-இல் மோஸ்லி என்ற இயற்பியலாளர், அணு எண்தான் (புரோட்டான்களின் எண்ணிக்கை) சரியான வரிசை என்று காட்டிய பிறகு அந்த உறுத்தலும் போனது.

சரி, உப்புக்கு வருவோம். “சோடியம் எலக்ட்ரானைத் தாராளமாகக் கொடுக்கும், குளோரின் ஆசையாக வாங்கிக்கொள்ளும்” என்று எல்லோரும் சொல்லிக்கொடுக்கிறோம், நானும்தான். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. சோடியத்திடமிருந்து பிடுங்க 496 செலவு. குளோரின் வாங்கிக்கொள்ளும்போது திரும்பக் கிடைப்பது 349. ஆக 147 கிலோஜூல் கையை விட்டுப் போகிறது. சோடியம் ஒன்றும் கர்ணன் இல்லை. அந்த நஷ்டத்தை ஈடுகட்டுவது, பிறந்த இரண்டு அயனிகளும் (எலக்ட்ரானை இழந்தோ பெற்றோ மின்சுமை ஏறிய அணுக்கள்) கோடிக்கணக்கில் மாறி மாறி அடுக்கிப் படிகமாகும்போது வெளிவரும் 787 கிலோஜூல். தூத்துக்குடி உப்பளத்தில் குவித்து வைத்திருக்கும் வெள்ளைக் குவியல் எல்லாம் இந்தக் கணக்கில் நிற்பவைதான். இன்னொரு வேடிக்கை, அந்தப் படிகத்துக்குள் அளவுகள் தலைகீழ். கடைசி வீதியையே காலி செய்துவிட்ட சோடியம் 102-க்குச் சுருங்கிவிட்டது. ஒரு எலக்ட்ரான் கூடுதலாக ஏற்றிக்கொண்ட குளோரின் 181-க்கு ஊதிவிட்டது.

அயனியின் அளவு என்ன செய்யும் என்பதற்கு மதுரையிலிருந்து இரண்டு மணி நேரப் பேருந்துப் பயணத்தில் சிவகாசி இருக்கிறது. வெடிமருந்து என்றால் வெடியுப்பு, கந்தகம், கரி. வெடியுப்பு என்பது பொட்டாசியம் நைட்ரேட். சோடியம் நைட்ரேட்டும் ஆக்சிஜன் கொடுக்கும்தான், விலையும் குறைவு. ஆனால் சோடியம் அயனி சின்னது, அதன் மின்சுமை குறுகிய இடத்தில் குவிந்திருப்பதால் தண்ணீர் மூலக்கூறுகளை இழுத்து ஒட்டிக்கொள்ளும். ஐப்பசி மழைக் காற்றில் மருந்து நமுத்துவிடும். 138 பிக்கோமீட்டர் பொட்டாசியத்துக்கு அந்த ஆசை குறைவு. போதாததற்கு சோடியத்தின் மஞ்சள் வெளிச்சம் மற்ற எல்லா நிறத்தையும் விழுங்கிவிடும்.

மத்தாப்பின் சிவப்புக்கு ஸ்ட்ரான்சியம், பச்சைக்கு பேரியம். இரண்டும் 2-ஆம் தொகுதியில் மேலும் கீழும் நிற்பவை. பட்டாசில் பேரியம் உப்புகளை உச்ச நீதிமன்றம் 2018-இல் தடை செய்தது. பேரியம் ஏன் நஞ்சு என்பதற்கான விடையும் ஒரு அளவில்தான் இருக்கிறது. பேரியம் அயனி 135, பொட்டாசியம் அயனி 138. நம் நரம்பிலும் தசையிலும் பொட்டாசியம் போய்வருவதற்கென்றே துளைகள் உண்டு. ஏறக்குறைய அதே பருமன் கொண்ட பேரியம் அதில் நுழைந்து, இரட்டை மின்சுமையோடு அடைத்துக்கொண்டு நின்றுவிடும். அப்படியானால் எக்ஸ்ரேக்கு முன் குடிக்கக் கொடுக்கும் பேரியம்? அது பேரியம் சல்பேட். தண்ணீரில் கரையவே கரையாது, வந்த வழியே போய்விடும்.

அம்புக்குறி சறுக்கும் இடங்களுக்கும் இதே இழுபறிதான் காரணம். நைட்ரஜனைவிட ஆக்சிஜனுக்குப் புரோட்டான் ஒன்று அதிகம், எலக்ட்ரானைப் பிடுங்குவது இன்னும் கடினமாக இருக்க வேண்டும். ஆனால் நைட்ரஜன் 1402, ஆக்சிஜன் 1314. பெரியார் நிலையத்தில் காலியாக நிற்கும் திருப்பரங்குன்றம் பேருந்தில் ஏறிப் பாருங்கள். முதலில் ஏறுகிறவர்கள் ஆளுக்கொரு சீட்டில் ஜன்னலோரம் உட்காருவார்கள். நாலாவது ஆள் வந்தால்தான் யாராவது ஒருவர் பக்கத்தில் நெருங்கி உட்கார வேண்டிவரும். நைட்ரஜனின் கடைசி மூன்று எலக்ட்ரான்களும் மூன்று ஆர்பிட்டாலில், அதாவது வீதிக்குள் இருக்கும் மூன்று சீட்டில், தனித்தனியாக இருக்கின்றன. ஆக்சிஜனின் நாலாவது எலக்ட்ரான் ஏற்கெனவே ஆள் இருக்கும் ஆர்பிட்டாலில் போய் உட்கார்கிறது. ஒன்றையொன்று தள்ளிக்கொள்ளும், எழுப்பி விடுவதும் சுலபம். புளூரின் கதையும் நெரிசல்தான். எலக்ட்ரானை வாங்கும்போது குளோரின் 349 விடுகிறது, அதற்கு மேலே நிற்கும் புளூரின் 328-தான். இரண்டாவது வீதி அவ்வளவு குறுகல். ஏற்கெனவே ஏழு பேர் நிற்கும் சந்தில் எட்டாவது ஆளை யார் வரவேற்பார்கள்?

இப்போது தங்கம்.

செம்பின் ஆரம் 128, வெள்ளி 144. அம்புக்குறி வேலை செய்கிறது. அடுத்து தங்கம் இன்னும் ஒரு வீதி கூடி, 160-ஐ ஒட்டி வர வேண்டும். வருவது 144. வெள்ளியும் தங்கமும் ஒரே அளவு! நம்ப முடியவில்லை என்றால் கையில் தூக்கிப் பாருங்கள். தங்க அணுவின் எடை வெள்ளி அணுவைப் போல 1.83 மடங்கு. தங்கத்தின் அடர்த்தி 19.3, வெள்ளி 10.5, அதுவும் 1.84 மடங்கு. ஒரே அளவு டப்பாவில் கனமான சரக்கை அடைத்தது போல. அணுக்களை அடுக்கும் முறையும் இரண்டுக்கும் ஒன்றே. அதனால்தான் ஆசாரி எந்த விகிதத்தில் சேர்த்து உருக்கினாலும் தங்கமும் வெள்ளியும் பிரியாமல் கலக்கின்றன. 916 தங்கத்தில் சேரும் செம்பு சின்ன அணு, அடுக்கில் சரியாகப் பொருந்தாது. அந்தப் பொருந்தாமைதான் நகைக்கு உறுதி கொடுக்கிறது.

ஒரு வீதி கூடியும் ஊர் ஏன் பெரிதாகவில்லை? வெள்ளிக்கும் தங்கத்துக்கும் இடையில் அட்டவணை 14 தனிமங்களை நடுவில் செருகுகிறது. அடியில் தனியாக இரண்டு வரிசை ஒட்டி வைத்திருப்பார்களே, அதில் மேல் வரிசை. அங்கே 14 புரோட்டான்கள் கூடுகின்றன, கூடவே f வகை எலக்ட்ரான்கள் 14. (ஒரே வீதிக்குள்ளும் எலக்ட்ரான் மேகங்களை அவற்றின் வடிவத்தை வைத்து s, p, d, f என்று வகை பிரிப்பார்கள்.) இந்த f எலக்ட்ரான்கள் மறைப்பதில் மகா மோசம். தேர் பார்க்கும் கூட்டத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டவர்கள் மாதிரி, தலை எண்ணிக்கையில் உண்டு, பின்னால் நிற்பவருக்கு மறைப்பே இல்லை. எனவே கூடுதல் இழுவையில் பெரும்பகுதி கடைசி வீதி வரை எட்டிவிடுகிறது. லாந்தனைடு குறுக்கம் என்று பரீட்சையில் இரண்டு மதிப்பெண்ணுக்குக் கேட்பது இதைத்தான்.

அதோடு முடியவில்லை. 79 புரோட்டான் இழுக்கும் இடத்தில், மிக உள்ளே இருக்கும் எலக்ட்ரானின் வேகம் ஒளியின் வேகத்தில் சுமார் 58 சதவீதம். அந்த வேகத்தில் ஐன்ஸ்டைனின் சார்பியல் கணக்கைத் தவிர்க்க முடியாது. எலக்ட்ரான் கனத்தது போல நடந்துகொள்ளும், அதன் வீதி சுருங்கும். உள்ளே மட்டும் இல்லை, அணுக்கருவுக்கு அருகே வந்துபோகும் s வகை எலக்ட்ரான் கடைசி வீதியில் இருந்தாலும் அதற்கும் அதே கதி. தங்கத்தின் வெளி எலக்ட்ரான் அந்த வகை. பிடுங்க வெள்ளிக்கு 731 போதும், தங்கத்துக்கு 890 வேண்டும். (செம்புக்கு 745. வெள்ளியைவிடச் செம்பு எளிதில் கெடுவதற்கு அயனியாக்கும் ஆற்றல் மட்டும் காரணம் இல்லை, அயனியைத் தண்ணீர் எவ்வளவு இறுகப் பற்றுகிறது என்பதும் சேரும்.) டப்பாவுக்குள் நுழைந்த காற்றில் துளியூண்டு கந்தகம் இருந்திருக்கும். வெள்ளி அதோடு சேர்ந்து கருப்பான வெள்ளி சல்பைடு ஆனது. தங்கம் தன் எலக்ட்ரானை விடவில்லை. கொக்கியின் செம்பு உரைகல்லில் பச்சையாகி ஓடியதற்கும் சங்கிலியின் கோடு நின்றதற்கும் அதுவே காரணம்.

மஞ்சள் நிறமும் இந்தச் சுருக்கத்தால் வந்ததுதான். வெளி s வீதி கீழே இறங்க, அதற்கு உள்ளே இருக்கும் d வீதி கொஞ்சம் வெளியே தள்ளப்பட, இரண்டுக்கும் இடைவெளி குறைகிறது. அந்த இடைவெளியைத் தாண்ட நீல ஒளியின் ஆற்றலே போதும். தங்கம் நீலத்தை விழுங்கிவிட்டு மிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது, நமக்கு மஞ்சளாகத் தெரிகிறது. வெள்ளிக்கு அந்த இடைவெளி புற ஊதாவில் விழுவதால், கண்ணுக்குத் தெரியும் நிறம் அத்தனையும் திரும்பிவிடும். தங்கத்துக்கு அடுத்த வீட்டுக்காரரான பாதரசமும் இதே வினையில் மாட்டியவர்தான். கடைசி வீதியில் இருக்கும் இரண்டு எலக்ட்ரானையும் இறுகப் பிடித்துக்கொண்டு பக்கத்து அணுவோடு பங்குபோட மறுக்கிறது, அதனால் திரவமாகவே கிடக்கிறது. சார்பியல் விளைவை நீக்கிக் கணினியில் கணக்கிட்டால் பாதரசம் 82 டிகிரி வரை திடமாக இருக்கும் என்று 2013-இல் வெளியான ஆய்வு சொல்கிறது.

ஆசாரி கவரிங் கொக்கியைக் கழற்றிவிட்டு 916-இல் புதுக் கொக்கி வைத்துக் கொடுத்தார். சங்கிலியைப் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் போட்டு பிரஷால் இரண்டு தேய்ப்பு. முப்பது வருட அழுக்கு, அவ்வளவுதான் போனது. கொலுசைக் கொடுக்க அம்மாவுக்கு மனம் வரவில்லை. வீட்டுக்கு வந்து விபூதி போட்டுத் தேய்க்க உட்கார்ந்தார். கருப்பு கொஞ்சம் கொஞ்சமாக அவர் விரலுக்கு மாறியது. அந்தக் கருப்பில் கந்தகம் மட்டும் இல்லை, கொலுசின் வெள்ளியும் இருக்கிறது. பாட்டி காலில் கிடந்த வருடங்களில் இது எத்தனை முறை தேய்க்கப்பட்டதோ, பூவேலையின் இதழ்கள் மழுங்கி, முத்துகளின் அடியில் மட்டும்தான் பழைய கூர்மை மிச்சம் இருந்தது.